இஞ்சுக்குப் பதினாலு

பதினாலக்காவுக்கு அந்தப் பெயரை வைத்ததே நான்தான். சட்டையோ பாவாடையோ, எதைத் தைத்தாலும் அவர் கையில் ஒரு இஞ்சுக்குப் பதினாலு தையல் விழும். பதின்மூன்றும் விழாது, பதினைந்தும் விழாது. நான் எங்கள் தையல் ஆலையில் செக்கிங் மேஜையில் பதினோரு வருஷமாக நிற்கிறவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் தைத்த உருப்படியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட நான் ஒட்டியதில்லை. ஒட்ட ஆசைப்பட்டதுண்டு. ஒரு நாள் வேண்டுமென்றே ஸ்கேலை வைத்து ஏழெட்டுச் சட்டைகளை அளந்துவிட்டு, “என்னக்கா, மெஷினை முழுங்கிட்டு வந்தீங்களா?” என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “தையல் நெருக்கமா இருந்தாத்தாண்டி துணி உடம்புல நிக்கும்” என்றார். அன்று மாலையே பெயர் ஆலை முழுக்கப் பரவிவிட்டது.

அவர் சாம்பிள் டெய்லர். புது மாடல் ஒன்று வந்தால் முதல் உருப்படியை அவர்தான் தைப்பார். அதைப் பார்த்து மற்ற இருநூறு பேர் தைப்பார்கள். அவர் உட்காரும் சாம்பிள் அறை எங்கள் ஹாலின் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. ஆறு மெஷின், ஒரு மின்விசிறி, சுவர் முழுக்க நாடாச் சுருள்கள். உள்ளே போனால் அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டே தைத்துக்கொண்டிருப்பார். அந்த முதுகிடம் நான் எவ்வளவோ புலம்பியிருக்கிறேன்.

அவர் கணவர் கண்ணாடிக் கடையில் வண்டி ஓட்டினார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பகல் வேளையில், ஆலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வண்டியிலிருந்து பெரிய கண்ணாடி ஒன்றை இறக்கும்போது அது உடைந்து தொடையைக் கிழித்துவிட்டது. கூட்டம் கூடியது. தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள், ஆளாளுக்குப் போன் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இருபது நிமிஷம் ஆகிவிட்டது. அவசரப் பிரிவில் இருந்தவள் வெளிதேசத்து நர்ஸ். எங்கள் பேச்சை அப்போதுதான் அரைகுறையாகக் கற்றுக்கொண்டிருந்தாள். சுற்றிவளைத்துப் பேசுகிற அளவுக்கு அவளிடம் சொற்கள் இல்லை. “மேல இறுக்கிக் கட்டி இருந்தா, உயிர் இருக்கும்” என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் நின்ற எனக்கு அவளை ஓங்கி அறையலாம் போல இருந்தது. புருஷன் போன பொம்பளையிடம் சொல்கிற பேச்சா அது? ஆனால் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. “நாள் பூரா நாடாவுக்கு நடுவுலதான உக்காந்திருக்கேன்” என்று மட்டும் சொன்னார். பிறகு அந்த நர்ஸுக்கே தன் வீட்டு மாடி அறையை வாடகைக்கு விட்டார். ஊரே வாயைப் பிளந்தது. உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான் என்பார் அக்கா.

மூன்று வருஷம் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அப்புறம் நர்ஸின் நாட்டில் போர் வந்தது. எங்களுக்கு அது செய்தியில் பெண் ஒருத்தி முகத்தைச் சுளிக்காமல் படிக்கிற நாலு வரி. அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நர்ஸ் ஒரே வாரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரயிலடியில் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “போகாதம்மா” என்று சொல்லவே இல்லை. “என்ன வேணும்னு அங்கேருந்து சொல்லு” என்றுதான் சொன்னார்.

அவள் சொன்னாள். அக்காவிடம் இருப்பது பட்டன் போன் என்பதால் குரல் செய்தியெல்லாம் என் போனுக்குத்தான் வரும். முதல் செய்தியை மதிய இடைவேளையில் கேட்டோம். “ஆளுங்க கையும் காலும் போய் வர்றாங்க. ஆஸ்பத்திரி தூரம். வழியிலேயே ரத்தம் போயிடுது. இறுக்கிக் கட்டற பட்டை இல்ல. உங்ககிட்ட மெஷின் இருக்கு, நாடா இருக்கு. தைக்க முடியுமா அக்கா?”

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. “எங்கேயோ நடக்கிற சண்டைக்கு நாம என்னக்கா பண்ண முடியும்? நாலு பட்டை தெச்சா குண்டு போடுறவன் நிறுத்திடுவானா?” என்றேன்.

“அவன் நிறுத்தமாட்டான். ரத்தம் நிக்கும்ல?” என்றார் அக்கா.

நர்ஸ் அனுப்பிய மாதிரிப் பட்டை பத்து நாளில் வந்து சேர்ந்தது. கனமான நாடா, ஒரு கொக்கி, நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கம்பு. காலைச் சுற்றி இழுத்து மாட்டிக் கம்பைத் திருகினால் நாடா இறுகும். நாடாவின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. அக்கா அதைத் துடைக்கவில்லை. தையலைத்தான் பார்த்தார். பெரிய பெரிய தையல், இஞ்சுக்கு ஏழுகூட வராது. முகம் கோணிவிட்டது.

“யாருடி தெச்சது இதை? சாக்குமூட்டை தெக்கிற மாதிரி.”

நானும் வாங்கிப் பார்த்தேன். எங்கள் மேஜைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன். “போர் நடக்கிற எடம்லக்கா, அவசரத்துல தெச்சிருப்பாங்க” என்றேன் பெருந்தன்மையாக.

மேனேஜர் ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பிள் அறையைத் திறந்துவிடச் சம்மதித்தார். நல்ல மனுஷன், பதிலுக்கு நோட்டீஸ் போர்டில் போட ஒரு போட்டோ மட்டும் கேட்டார். முதல் ஞாயிறு அக்காவுக்கு வேறு சாம்பிள் வேலை இருந்ததால், பாட்டுக்காரி தைத்தாள். பாட்டுக்காரி என்றால் எப்போதும் எதையாவது முனகிக்கொண்டே தைப்பவள். என்னிடம் அதிகம் ஸ்டிக்கர் வாங்குகிறவளும் அவள்தான். நாற்பது பட்டை தைத்தாள். மாதிரியில் எப்படி இருந்ததோ அப்படியே, அதே சாக்குத் தையல். பார்சல் அன்றே கிளம்பவேண்டியிருந்ததால் வேறு வழியில்லாமல் அனுப்பினோம். “நம்ம ஆலை மானமே போச்சு” என்று அவளைத் திட்டினேன். பாவம், அன்று அவள் முனகுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றிலிருந்து அக்கா உட்கார்ந்தார். கனத்த ஊசியை மாட்டி, தையல் நீளத் திருகை இறக்கி, இஞ்சுக்குப் பதினாலு. கொக்கி சேரும் இடத்தில் பெட்டி மாதிரி நாலு பக்கமும் தைத்து, குறுக்கே பெருக்கல் குறி போட்டு, அதன் மேலேயே இன்னும் இரண்டு ஓட்டம். பார்ப்பதற்கு அப்படியே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பாட்டுக்காரியையும் அப்படியே தைக்கச் சொன்னோம். நான் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நூல் நுனி வெட்டி, பாஸ் போட்டேன். உயிர் காக்கிற சாமான் என்பதால் வழக்கத்தைவிடக் கெடுபிடியாக இருந்தேன்.

சோதித்தும் பார்த்தோம். வாட்ச்மேனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, தொடையில் கட்டி அக்கா திருகினார். மூன்று சுற்றுக்கே அவர், “யம்மா, விடுங்கம்மா, செத்துடுவேன்” என்று அலற ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் சிரித்தோம். வலிக்கிறது என்றதும் நிறுத்திவிட்டோம். நாடா அசையவில்லை, தையல் விடவில்லை. இதற்கு மேல் என்ன சோதனை என்று நினைத்துக்கொண்டோம்.

ஏழு ஞாயிறு. பாட்டுக்காரியின் முதல் நாற்பதைச் சேர்க்காமல் இருநூற்று அறுபது பட்டை. நர்ஸ் அவற்றை ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்கும், இடிபாட்டில் தோண்டுகிறவர்களுக்கும் பிரித்துக் கொடுத்ததாகச் சொன்னாள். “ரொம்ப அழகா இருக்குன்னு எல்லாரும் கேக்கிறாங்க அக்கா” என்று ஒரு குரல் செய்தி வந்தது. அதை அக்கா என்னைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி மூன்று தடவை கேட்டார். கணவர் போனபிறகு அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த செய்தி ஒரு வியாழக்கிழமை காலை வந்தது. டீ இடைவேளையில், கழிவறைக்கு வெளியே கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டு கேட்டேன். அக்கா கூட இல்லை. “ஒரு பட்டை கிழிஞ்சிடுச்சு. கம்பு திருகும்போது. ஒருத்தர், தச்சு வேலை பார்க்கிறவர், போயிட்டார். அது ஒண்ணு மட்டும் கெட்டதா? எல்லாமும் அப்படியா? நீங்க பாத்து சொல்லுங்க. டிரைவருங்க கேக்கிறாங்க.” கீழே ஒரு போட்டோ.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நூல் அறுந்திருக்கவில்லை. நாடாதான் கிழிந்திருந்தது. தையல் ஓடிய இடத்தில், கோடு போட்டது போல, பஸ் டிக்கெட்டைக் கிழித்தால் எப்படி ஓட்டை ஓட்டையாகப் பிரிந்து வருமோ அப்படி. துணிக்கு நெருக்கமாகத் தைத்தால் பிடிப்பு. கனமான நாடாவில், அதுவும் அவ்வளவு பெரிய ஊசியால் நெருக்கமாகக் குத்தினால், அது தையல் இல்லை, சல்லடை. சாக்குத் தையல் போட்ட அந்த முகம் தெரியாத ஆளுக்கு இது தெரிந்திருக்கிறது. பதினோரு வருஷம் செக்கிங்கில் நின்ற எனக்குத் தெரியவில்லை.

அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. இதை எழுதும்போது அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் “பார்த்துட்டுச் சொல்றோம்” என்று ஒரு வரி மட்டும் அனுப்பிவிட்டு மேஜைக்குத் திரும்பினேன். அக்காவிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு எனக்குள் ஏகப்பட்ட காரணங்கள் இருந்தன. அக்கா தாங்கமாட்டார். ஒரே ஒரு போட்டோவை வைத்து எப்படி முடிவுகட்டுவது? கத்தி பட்டிருக்கலாம். எல்லாவற்றையும்விட எங்கள் மேஜைக் கணக்கு ஒன்று உண்டு. முந்நூறு உருப்படி இருக்கிற பெட்டியில் ஏழு வரைக்கும் தப்பு இருந்தாலும் பெட்டி பாஸ். எட்டு வந்தால்தான் பெட்டியே ரிஜெக்ட். ஒன்றுதானே கிழிந்திருக்கிறது, ஒன்றுதானே, என்று வியாழக்கிழமை முழுக்கச் சட்டை மடித்தேன். வெள்ளிக்கிழமையும் மடித்தேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர், “யாரோட சண்டை?” என்று கேட்டார். “யாரோடயும் இல்ல” என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை மதியம் அக்கா ஒரு கூடையை என் மேஜைமேல் வைத்தார். அறுபது பட்டை, திங்கட்கிழமை பார்சலுக்கு. வார நாளிலேயே சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தைத்திருக்கிறார். “பாரு, இந்தத் தடவை மூலைகூட எவ்வளவு சுத்தமா வந்திருக்கு” என்றார். நான் ஒன்றைக் கையில் எடுத்தேன். பாஸ் ஸ்டிக்கரை உரித்தேன். ஒட்ட முடியவில்லை. ஸ்டிக்கர் என் புறங்கையிலேயே ஒட்டிக்கொண்டது.

“என்னடி?”

போனை எடுத்துப் போட்டோவைக் காட்டினேன். செய்தியையும் போட்டேன். அக்கா முழுக்கக் கேட்டார். “எப்ப வந்துச்சு?” என்று கேட்டார்.

“இப்பத்தாங்க்கா. இப்பத்தான்” என்றேன். நாக்கு யோசிக்கவே இல்லை. பொய் அவ்வளவு தயாராக என் வாயில் இருந்திருக்கிறது.

அவர் கூடையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துக்கொண்டு சாம்பிள் அறைக்குப் போனார். மெஷினின் இரும்புக் காலில் சுற்றிக் கட்டினார். திருக ஆரம்பித்தார். மூன்று சுற்று, வாட்ச்மேன் அலறிய இடம். நாலு. இரும்புக்கு வலிக்காது என்பதால் நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை. ஐந்தாவது சுற்றில் மெதுவாக ஒரு சத்தம், துடைப்பதற்காகப் பழைய துணியைக் கிழிக்கிற சத்தம். கொக்கியோடு அவர் கையில் ஒரு துண்டு வந்துவிட்டது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் ஐந்து. இன்னொன்று ஆறு. நான் போதும் என்று கையைப் பிடித்த பிறகும் ஒன்றைக் கிழித்தார்.

அழுவார் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கடைசியில் அழுதது நான்தான். அவர் தரையில் உட்கார்ந்து, கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, “கட்டினா பொழச்சிருப்பார்னு அவ சொன்னா. இங்க கட்டியிருக்காங்க. நம்பிக் கட்டியிருக்காங்கடி” என்றார்.

பிறகு எழுந்து, “போனைக் குடு” என்றார். அதுவரை அவர் என் போனைத் தொட்டதில்லை. எங்கே அழுத்துவது என்று காட்டினேன்.

“நர்ஸம்மா, தப்பு என்னோடது. ஒண்ணு இல்ல, எல்லாமே கெட்டது. இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிடும்மா. மொதல்ல வந்த நாப்பது மட்டும் நல்லது, அதை யாரும் விட்டுடாதீங்க. எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா…” நிறுத்தினார். அங்கே இருப்பவர்களுக்கு இஞ்சு தெரியாது, தையல் எண்ணவும் நேரம் இருக்காது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். “பாக்கறதுக்கு அழகா இருக்கிறதையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லும்மா. அசிங்கமா இருக்கிறதை மட்டும் வெச்சுக்கச் சொல்லு.”

அறுபதையும் அன்றே பிரித்துக் கொக்கியையும் கம்பையும் எடுத்துக்கொண்டோம். நாடா பிரயோஜனப்படாது. ஓட்டை ஓட்டைதான். அக்கா மெஷினின் திருகைத் தளர்த்தி, தையலைப் பெரிதாக்கினார். பாட்டுக்காரியை அழைத்து அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, “நீ அன்னைக்குத் தெச்ச மாதிரி தெச்சுக் காட்டு” என்றார். பாட்டுக்காரி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். “தெச்சுக் காட்டுடி, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றேன். ஏழு தையல் விழுகிற சத்தம் அக்காவின் காதுக்கு எவ்வளவு அருவருப்பாக இருந்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். அவர் அப்படியே தைத்தார். ஒவ்வொரு பத்திலும் ஒன்றை இரும்புக் காலில் கட்டிப் பதினைந்து சுற்று திருகிப் பார்த்தோம். வாட்ச்மேன் தூரத்திலிருந்தே வேடிக்கை பார்த்தார்.

நோட்டீஸ் போர்டிலிருந்து அக்கா தன் போட்டோவைப் பிய்த்து எடுத்துவிட்டார். மேனேஜர் கேட்டதற்கு நடந்ததை ஒரு வரி விடாமல் சொன்னார். ஹாலில் இருநூறு பேருக்கும் தெரிந்துவிட்டது. “நமக்கெதுக்கு இந்த வேலைன்னு நான் அப்பவே சொன்னேன்” என்றார்கள் சிலர். நானும் ஒரு காலத்தில் சொன்னதுதான், அதனால் அவர்கள் வாயை அடைக்க எனக்குத் தெம்பில்லை. அக்கா யாரோடும் வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “எத்தனை?” நர்ஸ் திரும்ப வாங்கிக்கொண்ட பட்டைகளின் எண்ணிக்கையைக் கேட்கிறார். முதல் வாரம் நூற்றுப் பத்து. அப்புறம் நூற்று எழுபது. அப்புறம் இருநூற்றுப் பத்தொன்பது. அதோடு நின்றுவிட்டது. மிச்சம் நாற்பத்தொன்று எங்கே, யார் இடுப்பில், எந்த வண்டியில் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வண்டிகளில் சில இப்போது இல்லவே இல்லை என்றாள் நர்ஸ்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குரல் செய்தி வந்தது. அக்கா பக்கத்திலேயே இருந்ததால் நான் முன்னால் கேட்டுப் பார்க்க முடியவில்லை. சாம்பிள் அறையில், மெஷின் ஓசை நின்ற அமைதியில் இருவரும் கேட்டோம். நர்ஸ் களைத்துப் போயிருந்தாள். “அக்கா, இன்னும் ஒண்ணு கிழிஞ்சது இப்பத்தான் தெரிஞ்சது. வேற ஊர்ல. ஒரு பொண்ணு, பத்தொம்பது வயசு. வெள்ளிக்கிழமை சாயங்காலம். நீங்க சொன்னதுக்கு மொத நாள். உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு. மன்னிச்சுக்கோங்க.”

செய்தி முடிந்த பிறகும் நான் போனைப் பிடித்தபடியே நின்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பெட்டிக்குள் சட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். நீல நிறச் சட்டை, அரைக்கை. அதுகூட நினைவிருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் பதறிப்போய் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

“நீ எதுக்குடி இப்படி ஆடிப்போறே? தெச்சது நான். அந்தப் பாவம் என்னோடது. உன்னால ஆனதை நீ பண்ணினே. செய்தி வந்த நிமிஷமே வந்து என்கிட்ட சொன்னியே, அது போதும். வேற ஒருத்தியா இருந்தா மூடி மறைச்சிருப்பா. இன்னும் எத்தனை பேரு போயிருப்பாங்களோ.”

என் தலையை அவர் மெதுவாகத் தடவிக்கொடுத்தார்.

“ஆமாக்கா” என்றேன்.